வானம் வெண்கலமாகத் தெரியும்போது: கேள்வி பதில்

ஜெபித்தும் பதில் வராத காலம் பற்றி வந்த கேள்விகளுக்கு ஓய்வு பெற்ற போதகர் ஒருவர் பதில் தருகிறார்.

ஐயா, மகன் குடியை விடவேண்டும் என்று வருஷக்கணக்காக ஜெபிக்கிறேன். போன மாதம் வீட்டை விட்டே போய்விட்டான். இனி ஜெபித்து என்ன?

அம்மா, பிற்காலத்தில் பெரிய சபைத் தலைவரான அகுஸ்தீனுடைய தாய் மோனிக்காவும் இந்த நிலையில் இருந்தவர்தான். 383-ல் மகன் ரோமுக்குப் புறப்பட்டபோது, போகாதே என்று வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் கடற்கரை வரை கூடவே போனார். நண்பனை வழியனுப்பத்தான் வந்தேன் என்று மகன் பொய் சொன்னான். கப்பலுக்குப் பக்கத்தில் இருந்த சிப்ரியான் ஆலயத்தில் இரவெல்லாம் அழுது ஜெபித்தார். விடிந்து பார்த்தால் கப்பல் போய்விட்டது. அந்த இரவு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: மகன் போகக்கூடாது. அது கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பயணம்தான் அவனை மிலானில் பேராயர் அம்புரோசியுவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 387 ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றான். பின்னாலேயே மிலானுக்குப் போயிருந்த தாய் அதைப் பார்த்துவிட்டு, அதே வருஷம் இறந்துபோனார்.

உங்கள் மகனுக்கும் இப்படியே நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஜெபத்தை விடாதீர்கள். அவன் திரும்பி வந்தால் குடிநோய் சிகிச்சைக்கும் கூட்டிப்போங்கள்.

எத்தனை நாள் ஜெபித்தால் பதில் வரும்?

கணக்கு கிடையாது.

முழங்காலிட்டால் வார்த்தையே வரவில்லை.

சங்கீதம் 13-ஐச் சத்தமாக வாசியுங்கள். முதல் இரண்டு வசனத்திலேயே நாலு தடவை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறான் தாவீது. அது முடிந்தால் 88. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசிக்குள் ஒரு துதியாவது எட்டிப் பார்க்கும். இதில் அதுவும் இல்லை, இருட்டிலேயே முடிகிறது. ஆனாலும் ‘என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே’ என்றுதான் தொடங்குகிறான் அதைப் பாடிய ஏமான். அந்த மனக்குறையையும் அவரிடமே கொண்டுபோகிறான் பாருங்கள், அதுவும் ஜெபம்தான். அஞ்சு நிமிஷம் போதும், தினம் ஒரே நேரத்தில்.

தானியேல் 21 நாள் உபவாசித்தாரே, நானும் 21 நாள் இருந்தால்?

கணக்கு கிடையாது என்று மேலே சொன்னதுதான். தானியேல் 10-ஐ முழுசாக வாசியுங்கள். முதல் நாளிலேயே அவருடைய வார்த்தைகள் கேட்கப்பட்டன என்று இருக்கிறது. அப்புறம், 21 நாள் உபவாச ஜெபம் என்று சொல்லிக் காணிக்கைக் கவர் நீட்டுகிறவர்களிடம் போகாதீர்கள்.

பாவம் இருப்பதால்தான் தேவன் கேட்பதில்லை. ஏசாயா 59:2 தெளிவாகச் சொல்கிறதே. நீங்கள் ஏன் மழுப்புகிறீர்கள்?

மூன்றாம் வசனத்தையும் வாசியுங்கள் தம்பி. இரத்தக்கறை படிந்த கைகள். அதற்கடுத்து, நீதியைத் தேடுகிறவன் இல்லை என்கிறார். அநியாயம் செய்துகொண்டே ஜெபித்த ஜனத்திடம் பேசுகிறார் தீர்க்கதரிசி. மகனுக்காக அழுகிற தாயிடம் அல்ல. எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்களும் உங்களை மாதிரியே பேசினார்கள். கடைசியில் தேவனுக்குக் கோபம் வந்தது யார்மேல்? அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாசின்மேலும் அவன் கூட்டாளிகள்மேலும்.

ஆனால் யோபு எல்லாவற்றையும் இரண்டத்தனையாகத் திரும்பப் பெற்றாரே?

ஆடுமாடுகளை. செத்த பிள்ளைகள் திரும்பி வரவில்லை. வேறு பிள்ளைகள்தான் பிறந்தார்கள். துக்க வீட்டில் போய் இந்த ‘இரண்டத்தனை’யைச் சொல்லாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்படியானால் பாவ அறிக்கையே வேண்டாம் என்கிறீர்களா?

அப்படி எங்கே சொன்னேன்? உங்கள் பாவத்தை நீங்கள் அறிக்கையிடுங்கள். அடுத்தவர் பாவத்தை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டாம். இந்தப் பேச்சு இதோடு போதும்.

தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்று தடவைதானே கேட்டார்? தொடர்ந்து கேட்பது அவிசுவாசமா?

மூன்று தடவைக்கு அப்புறம் அவருக்குப் பதில் வந்துவிட்டது, ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்று. முள் போகவில்லை. பதில் வராதவர்களுக்கு லூக்கா 18-ல் வருகிற விதவை இருக்கிறாள், அநீதியுள்ள ஒரு நியாயாதிபதியிடம் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தவள். தேவன் அந்த அநீதியுள்ள நியாயாதிபதி மாதிரி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனே இறங்கினால் தேவன் எவ்வளவு அதிகமாய் என்பதுதான் இயேசு சொன்னது.

சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசத்தோடு ஜெபிக்கலாமா?

கூடாது. மாத்திரையைப் போட்டுக்கொண்டே ஜெபியுங்கள்.

எத்தனை நாள் ஜெபிக்க வேண்டும் ஐயா?

இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்.