ஒப்பந்தம் முடிகிறது, இணைய நிறுவனத்தை மாற்றலாமா?

சிங்கப்பூர் தெம்பனிஸில் நாலறை வீடு, படுக்கையறையில் வைஃபை திணறுகிறது, ஒப்பந்தமும் முடியப் போகிறது, மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 என்று யாரிடம் போனாலும் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் ஃபைபர் கேபிள் கட்டமைப்பை வைத்திருக்கும் நெட்லிங்க் நிறுவனத்தின் அதே இணைப்புதான்.

மடிக்கணினியை லேன் கேபிளில் நேராக ரவுட்டரோடு இணைத்து, இரவு ஒன்பது மணிவாக்கில் வேகத்தைப் பாருங்கள். நன்றாக வந்தால் நிறுவனத்தின் மேல் குறையில்லை. பல வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பாம் ஷெல்ட்டர் எனும் பாதுகாப்பு அறையின் கனத்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைஃபையை அப்படியே விழுங்கிவிடும். பலர் ரவுட்டரை அதற்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்! வெளியே எடுத்து வையுங்கள், அதுவும் போதாவிட்டால் மெஷ் (வீட்டின் பல இடங்களில் வைத்து வைஃபையைப் பரப்பும் கருவிகள்) போடுங்கள். கேபிளிலேயே திணறினால், சரி, தாராளமாக மாறுங்கள்.

ஒப்பந்தம் வழக்கமாக 24 மாதம். முடியும் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; முன்கூட்டியே நிறுத்தினால் கட்டணம் விழும். 10 ஜிகாபிட் திட்டம் சாதாரணக் குடும்பத்துக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

அப்புறம், சுவரில் உள்ள ஃபைபர் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு துளைகள் இருக்கும், அதனால் பழைய இணைப்பு ஓடும்போதே புதியதை இன்னொரு துளையில் போடலாம். புது இணைப்பு ஓடத் தொடங்கிய பிறகு பழையதை நிறுத்துங்கள்.