பாதிக் கோப்பையா?

கேள்வி: 1999-2000 சீசனில் நடப்புச் சாம்பியன் மான்செஸ்டர் யுனைட்டெட் விலகிக்கொண்டதால்தானே செல்சி இங்கிலாந்துக் கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது? அது பாதிக் கோப்பைதான் என்கிறேன் நான். அந்தக் கோப்பையின் மவுசு போனதற்கும் யுனைட்டெட்தானே காரணம்?

பதில்: ஒரே மூச்சில் செல்சியையும் திட்டுகிறீர்கள், யுனைட்டெட்டையும் திட்டுகிறீர்கள். திட்ட வேண்டியவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டீர்களே!

2006 உலகக் கோப்பையைத் தங்கள் நாட்டில் நடத்த ஆசைப்பட்டது எஃப்.ஏ. என்கிற இங்கிலாந்து கால்பந்துச் சங்கம். உலகக் கால்பந்தை ஆளும் ஃபிஃபாவோ 2000 ஜனவரியில் பிரேசிலில் கிளப்புகளுக்கென்று புதிதாக ஓர் உலகப் போட்டி வைத்தது. ஐரோப்பியச் சாம்பியனான யுனைட்டெட் அதற்குப் போகாவிட்டால் ஃபிஃபா முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஓட்டு விழாது என்று பயம். அரசாங்கமும் நெருக்கியது. 'இந்த வருஷம் நம் கோப்பையில் ஆட வேண்டாம், போய் வாருங்கள்' என்று வழியனுப்பியது கோப்பையை நடத்துகிற சங்கமேதான். தன் வீட்டுக் கல்யாணத்தன்று மாப்பிள்ளையை அடுத்த தெருக் கல்யாணத்துக்கு மொய் எழுத அனுப்பிய கதை. யுனைட்டெட் மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. அவர்கள் பங்கு அவ்வளவுதான்.

காலி இடத்தை நிரப்பியது இன்னும் வேடிக்கை. இரண்டாம் சுற்றில் தோற்ற 20 அணிகளின் பெயரைக் குலுக்கிப் போட்டு டார்லிங்டனை எடுத்தார்கள். தோற்றால் வீட்டுக்கு என்பதுதான் நாக்அவுட். அதில் தோற்றவனுக்கு மறுபடி இலை போட்டார்கள்! டார்லிங்டன் மூன்றாம் சுற்றில் ஆஸ்டன் வில்லாவிடம் 2-1 என்று தோற்று, ஒரே சீசனில் இரண்டாம் முறையாக வெளியேறியது.

இப்போது 2000 ஜனவரி 8-ஆம் தேதிக்கு வாருங்கள். ரியோவின் மரக்கானா மைதானத்தில் யுனைட்டெட் பிரேசில் கிளப்பான வாஸ்கோ ட காமாவிடம் 3-1 என்று அடி வாங்கியது. யுனைட்டெட்டின் கேரி நெவில் பின்னால் தட்டிய பந்துகள் எதிராளிக்கே வாய்ப்பாகிவிட, வாஸ்கோவின் ரொமாரியோ இரண்டு கோல் போட்டார். அதே நாள் இங்கிலாந்தில், பிரெண்டன் பார்க் மைதானத்தில், எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் இரண்டாம் நிலை அணியான ட்ரான்மியர் ரோவர்ஸ் பிரீமியர் லீக் அணி சண்டர்லேண்டை 1-0 என்று வீழ்த்தியது. கடைசி நிமிடங்களில் ட்ரான்மியரின் கிளிண்ட் ஹில் சிவப்பு அட்டை வாங்கினார். அந்தக் களேபரத்தில் மாற்று ஆட்டக்காரராக ஸ்டீஃபன் ஃப்ரெய்ல் உள்ளே வந்துவிட்டார். அவருக்காக வெளியேற வேண்டியவர் வெளியேறவில்லை. 10 பேர் நிற்க வேண்டிய இடத்தில் 11 பேர்! நடுவர் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்குள் ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. சண்டர்லேண்ட் குமுறியது. முடிவு செல்லும் என்றுவிட்டது சங்கம். (அடுத்த மாதம் வெம்பிளியில் லெஸ்டரிடம் ட்ரான்மியர் 2-1 என்று தோற்ற லீக் கோப்பை என்கிற வேறொரு போட்டியின் இறுதியிலும் இதே ஹில் சிவப்பு அட்டை வாங்கினார். மனிதர் ராசி அப்படி.)

நீங்கள் 'பாதி' என்று ஒதுக்கும் கோப்பையில் நடந்தவை இவை. மரக்கானாவில் பெரிய இடத்துப் பிள்ளைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது பிரெண்டன் பார்க்கில் கோப்பை உயிரோடுதான் இருந்தது.

செல்சிக்கு வருவோம். இறுதியாட்டம் ரசிக்கும்படி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பழைய வெம்பிளியின் கடைசி எஃப்.ஏ. இறுதி அது; இன்னும் நல்ல வழியனுப்பு கிடைத்திருக்கலாம். செல்சியின் ஜோலா அடித்த ஃப்ரீ கிக்கை எதிரணியான ஆஸ்டன் வில்லாவின் கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸ் கைநழுவ விட்டார். பந்து வில்லாவின் சௌத்கேட் மேல் பட்டுத் திரும்ப, 73-ஆம் நிமிடத்தில் செல்சியின் டி மத்தேயோ உள்ளே தள்ளினார். 1-0, முடிந்தது. ஆனால் யுனைட்டெட் இருந்திருந்தால் செல்சி தோற்றிருக்கும் என்று யார் சொன்னது? அதே சீசனில், 1999 அக்டோபரில், லீக் ஆட்டத்தில் யுனைட்டெட்டை 5-0 என்று துவைத்து எடுத்த அணி ஐயா அது!

இத்தனையும் எதற்காகச் செய்தார்களோ, அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2000 ஜூலையில் ஜூரிச்சில் ஓட்டெடுப்பு. இங்கிலாந்துக்கு முதல் சுற்றில் 5 ஓட்டு. இரண்டாம் சுற்றில் 2 ஓட்டோடு வெளியே. உலகக் கோப்பை ஜெர்மனிக்குப் போனது. தோற்றவர்களைக் குலுக்கிப் போட்டு மறுபடி உள்ளே இழுக்கும் வழக்கம் ஜூரிச்சில் இல்லை.