திருகைத் தொடாதீர்கள், முதலில் காற்றுக் கசிவைத் தேடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என்னுடையது 1996 புரோட்டோன் இஸ்வாரா 1.3, கார்புரேட்டர் எஞ்சின், மேனுவல் கியர். நெடுஞ்சாலையில் நன்றாக ஓடுகிறது. சமிக்ஞை விளக்கில் நின்றால் ஸ்டீயரிங் வரை குலுங்குகிறது. ஏர்கோன் போட்டால் அணைந்துவிடுகிறது. பட்டறையில் இரண்டு முறை ஐட்லிங்கை ஏற்றிக் கொடுத்தார்கள். இப்போது சாவியை மூடிய பிறகும் எஞ்சின் நாலைந்து முறை உதறிவிட்டுத்தான் நிற்கிறது. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?"

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வது பெரும்பாலும் வேக்குவம் கசிவு: எஞ்சின் உறிஞ்சும் வழியில் எங்கோ வெளிக்காற்று நுழைகிறது. ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, காற்றை உள்ளே விடும் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். எஞ்சின் உறிஞ்சுகிறது, காற்றுக்கு வழி இல்லை. அதனால் சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாயான மேனிஃபோல்டில் வேக்குவம் (உறிஞ்சல்) மிகுந்து நிற்கும். அந்த நேரத்தில் ஒரு சிறு விரிசல் போதும், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் கணக்கில் வராத காற்று உள்ளே பாய்ந்து, பெட்ரோல் போதாமல் கலவையை மெலிய வைத்துவிடும். 90 கிலோமீட்டர் வேகத்திலும் அந்த விரிசல் இருக்கத்தான் செய்கிறது; ஆனால் எஞ்சின் குடிக்கும் மொத்தக் காற்றில் அது ஒரு பொருட்டே இல்லை.

ஐட்லிங் திருகை ஏற்றியதில் குலுக்கல் கொஞ்சம் மறைந்தது, புதுத் தொல்லை ஒன்று சேர்ந்தது. தகடு சற்றுத் திறந்தபடியே நிற்பதால், சாவியை மூடி ஐட்லிங் சோலினாய்டு என்ற மின்வால்வு தன் வழியை அடைத்த பிறகும் மற்றத் துளைகளின் வழியே பெட்ரோல் வருகிறது. சூடான சிலிண்டரில் அது தானாகப் பற்றிக்கொள்கிறது. அந்த உதறல் இதனால்தான்.

எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்திருக்க வேண்டும். ரேடியேட்டர் காற்றாடி எந்த நேரமும் தானே சுழலத் தொடங்கும், கை கவனம். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டர் வாயைத் தடித்த அட்டைத் துண்டால் பாதி மறையுங்கள். வெறுங்கை வேண்டாம், பேக்ஃபயர் அடித்து அந்த வாய் வழியே தீ வந்தால் சுடும். குலுக்கல் குறைந்து எஞ்சின் தெளிந்தால் கலவை மெலிந்திருக்கிறது: கசிவு இருக்கிறது, அல்லது ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் நுண்துளையான ஐட்லிங் ஜெட் அடைத்திருக்கிறது. இன்னும் மோசமானால் பிளக், கேபிள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி பக்கம் போங்கள். கீழே சொல்வதெல்லாம் உங்களுக்கு இல்லை.

ஜெட்டா கசிவா என்று பிரிக்க, எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் திறந்து வைத்து, கார்புரேட்டரில் உள்ள சோலினாய்டு வயரைக் கழற்றி மாட்டுங்கள். 'டிக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஐட்லிங் வழியில் பெட்ரோலே வரவில்லை. தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஓடும் வண்டிகளில் ஃபில்டர் கிளிப் தளர்ந்து, தூள் அந்த ஜெட்டில் போய் உட்காருவதும் வழக்கம்.

கசிவைத் தேடும்போது, வேக்குவத்தால் பிரேக் மிதிப்பை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டர்தான் முதல். அது குலுக்கலோடு நிற்கிற விஷயமல்ல, உயிர் விஷயம். எஞ்சினை அணைத்து, பெடல் கெட்டியாகும்வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டாலும், மிதிக்கும்போது 'உஸ்' என்று சத்தம் வந்தாலும், ஐட்லிங் அப்போது மட்டும் கெட்டாலும், பூஸ்டர், அதன் ஹோஸ், ஒருவழி வால்வு மூன்றையும் பார்க்காமல் வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள்.

பிறகு சின்ன ரப்பர் ஹோஸ்கள். ஒவ்வொன்றையும் மூக்குக் குறடால் துணி வைத்து மெதுவாக நெரியுங்கள். எதை நெரித்தால் ஐட்லிங் திருந்துகிறதோ, கசிவு அந்த ஹோஸில் இருக்கிறது, இல்லையென்றால் அது போய்ச் சேரும் பாகத்தில். ஹோஸின் நடுப்பகுதி நன்றாக இருக்கும். முனையில்தான் ரப்பர் கெட்டியாகி, வாய் விரிந்து, நுண்ணிய வெடிப்பு ஓடியிருக்கும். நீளம் இருந்தால் 1 சென்டிமீட்டர் வெட்டி மறுபடி செருகினாலே போதும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வண்டி நிறுத்துபவர்கள் எலிக்கடியையும் தேட வேண்டும்: ஹோஸின் அடிப்பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், இரண்டு பல் தடம். மாற்றும்போது மீன்தொட்டிக் குழாயைச் செருகாதீர்கள், சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். சிலிக்கோன் ஹோஸ் வேக்குவத்துக்கு நல்லது. எண்ணெய் ஆவி போகும் பிசிவி வழிக்கு ஆகாது. பூஸ்டருக்கு அதற்கென்றே வரும் நூல் பின்னிய ஹோஸ்தான்.

பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினால் கலகலக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது அதன் வாயை விரலால் மூடினால் உறிஞ்சல் தெரியும், ஐட்லிங் லேசாக இறங்கும். நிறைய மாறினால் வால்வு திறந்தபடி சிக்கிக் கிடக்கிறது.

ஏர்கோன் போட்டதும் அணைவதற்கு வேறு காரணமும் உண்டு. கார்புரேட்டர் பக்கத்தில் ஐடில்-அப் என்ற சிறு டயஃப்ரம் டப்பா இருக்கும். ஏர்கோன் போட்டதும் அதன் கம்பி திராட்டிலைச் சற்று இழுக்க வேண்டும். கம்பி அசையாவிட்டால் டப்பாவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி விரல் வையுங்கள். ஏர்கோன் ஓடும்போது உறிஞ்சல் இருந்தும் கம்பி அசையவில்லை என்றால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, அதுவே ஒரு கசிவு. உறிஞ்சலே இல்லையென்றால் டப்பாவுக்கு வேக்குவத்தைத் திறந்துவிடும் சோலினாய்டையோ அதன் வயரையோ பாருங்கள்.

எல்லாம் சரி, குலுக்கல் மட்டும் போகவில்லை என்றால் கேஸ்கெட்டுகள். கார்புரேட்டருக்குக் கீழே உள்ள தடித்த இன்சுலேட்டரும், அதன் நட்டுகளும், மேனிஃபோல்டு ஹெட்டில் சேரும் விளிம்பும் சூட்டில் தளரும். கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பது பரவலான முறை. சூடான எக்ஸாஸ்டுக்கு மேல் அது தீப்பற்றும். நாங்கள் சொல்வது வெறும் தண்ணீர். ஸ்பிரே பாட்டிலில், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் படாமல், மூட்டு மூட்டாக அடித்து, ஒவ்வொரு இடத்திலும் சில விநாடி காத்திருங்கள். கசியும் இடத்தைத் தண்ணீர் கொஞ்ச நேரம் அடைக்கும், எஞ்சின் சத்தம் மாறும்.

வேக்குவம் கேஜ் கிடைத்தால் மேனிஃபோல்டில் மாட்டுங்கள். சுங்கை சிப்புட் போன்ற தாழ்நிலத்தில் நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை ஆடாமல் காட்டும். அதைவிடக் குறைவாக, ஆடாமல் நின்றால் கசிவு அல்லது பின்தங்கிய டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி தாமதமாக விழுவது. ஒரே தாளத்தில் விட்டு விட்டு விழுந்தால் எஞ்சின் ஹெட்டில் உள்ள வால்வைச் சந்தேகிக்கலாம்.

கசிவை அடைத்ததும் ஐட்லிங் தானே எகிறும், ஏனென்றால் திருகு ஏற்றியபடியே இருக்கிறது. விளக்கு, காற்றாடி, ஏர்கோன் எல்லாம் ஓயட்டும். 750 முதல் 850 ஆர்பிஎம்முக்கு இறக்குங்கள். பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருந்தால் அதில் உள்ள எண்தான் சரி. கலவைத் திருகையும் யாராவது திருப்பியிருந்தால், மெதுவாக உள்ளே இறக்கி எத்தனை சுற்று என்று எழுதிக்கொண்ட பிறகே மாற்றுங்கள்.

கார்புரேட்டரை மாற்றும் பேச்சு ஒரே ஓர் இடத்தில்தான் நியாயம்: திராட்டில் தண்டை மேலும் கீழும் ஆட்டினால் லொடலொடக்கிறது, அதன் முனையில் தண்ணீர் அடித்தால் சத்தம் மாறுகிறது. அந்தத் தேய்மானத்தை எந்த கேஸ்கெட்டும் அடைக்காது. ஹாஃப்கட் கடையில் (பழைய வண்டிகளின் பாகம் விற்கும் கடை) பழையது வாங்கினால், காசு கொடுக்கும் முன் அந்தத் தண்டையும் அங்கேயே ஆட்டிப் பாருங்கள்.