உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கி: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

உலக ஜூனியர் போட்டியைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னது நான்தான். வந்து குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில். பந்தயம் கட்ட யோசனை கேட்டவர்களுக்குப் பதிலே கிடையாது.

கோவைக்காரன்: இது என்ன போட்டி சார்? எந்த வயதுப் பையன்கள் ஆடுகிறார்கள்?

சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு ஆண்டுதோறும் நடத்தும் இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி. 1974 முதல் மூன்று ஆண்டுகள் அழைப்புப் போட்டியாக நடந்து, 1977இல் அதிகாரபூர்வமானது. மேல்பிரிவில் பத்து நாடுகள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடிந்துவிடும்.

வயதை பிறந்த ஆண்டை வைத்துத்தான் பார்ப்பார்கள். 2024 டிசம்பரில் ஒட்டாவாவில் தொடங்கிய போட்டிக்கு 2005இலோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 31 அன்று பிறந்தவனுக்கு இடமில்லை, மறுநாள் பிறந்தவனுக்கு உண்டு. சின்ன வயது அணிகளிலும் இதே கணக்குதான். அதனால் கனடாவில் ஜனவரி, பிப்ரவரிப் பிள்ளைகள் அணிகளில் அதிகம் தென்படுவார்கள். எட்டு வயதில் பத்து மாத வளர்ச்சி என்பது பெரிய விஷயம். பயிற்சியாளர் அதைத் திறமை என்று நினைத்துவிடுவார்.

ஸ்கார்பரோ அப்பா: அண்ணா, மகனுக்கு ஒன்பது வயது. நன்றாக ஆடுகிறான். கனடா ஜூனியர் அணிக்குப் போக என்ன வழி?

வழியைச் சொல்கிறேன், ஆனால் ஒன்பது வயதில் பத்தொன்பதைத் திட்டமிடாதீர்கள். உள்ளூர் லீக்கில் தொடங்கி, ஏஏ, ஏஏஏ என்ற உயர்மட்டப் போட்டி அணிகளுக்குப் படி ஏற வேண்டும். பதினாறு நிறைகிற ஆண்டில் ஒன்டாரியோ ஹாக்கி லீக்கின் டிராஃப்டில், அதாவது அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில், பெயர் வரலாம். அந்த லீக், மேற்கு மாகாண லீக், கியூபெக் லீக் மூன்றும் சேர்ந்ததுதான் கனடிய ஹாக்கி லீக். ஜூனியர் அணியில் பெரும்பாலோர் அங்கிருந்து வருபவர்கள். முன்பு அதில் ஆடினால் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் கதவு அடைத்துவிடும். 2025 இலையுதிர்காலப் பருவம் முதல் அந்தத் தடை இல்லை. ஆகவே பதினைந்து வயதில் வாழ்க்கையையே தீர்மானிக்க வேண்டிய நெருக்கடி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஏஏஏ மட்டத்தில் செலவு கையைக் கடிக்கும். ரிங்க் (பனித்தளம்) கட்டணம், பயணம், ஸ்டிக் எல்லாம் பணம். ஸ்டிக் உடைந்துகொண்டே இருக்கும். எதில் சிக்கனம் பிடித்தாலும் கழுத்துக் காப்பில் பிடிக்காதீர்கள். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆடம் ஜான்சன் என்ற வீரர் ஸ்கேட் கத்தி கழுத்தில் பட்டு இறந்தார். அதன் பிறகுதான் கூட்டமைப்பு பெரியவர்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. ஜூனியர்களுக்கு முன்பே கட்டாயம்.

மார்க்கம்வாசி: பெடார்ட்தான் இந்தப் போட்டி கண்ட மிகச் சிறந்த வீரர். ஒப்புக்கொள்கிறீர்களா?

2023இல் ஹாலிஃபாக்ஸில் கானர் பெடார்ட் ஏழு ஆட்டங்களில் 23 புள்ளி (அடித்த கோல், கோலுக்குச் செய்த உதவி, தலா ஒன்று) எடுத்தார், பதினேழு வயதில். வாயடைக்க வைத்த ஆட்டம். ஆனால் சாதனை 1993இல் ஸ்வீடனின் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் எடுத்த 31. அதுவும் ஏழே ஆட்டங்களில். உடனே அவர்தான் பெரியவர் என்று கிளம்ப வேண்டாம். அந்த ஆண்டு ஸ்வீடன் ஜப்பானை 20-1 என்று நொறுக்கியது, அந்த ஓர் ஆட்டத்திலேயே ஃபோர்ஸ்பெர்குக்கு 10 புள்ளி. அதைக் கழித்தால் ஆறு ஆட்டங்களில் 21, அதுவும் அசாத்தியம்தான். பலவீனமான அணிமீது குவித்த கோல்களை எடுத்துவிட்டுப் பாருங்கள். இதை எல்லாருக்கும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

சென்னைப் பெண்: முகம் முழுக்கக் கம்பிக் கூண்டு போட்ட ஓரிருவர் மட்டும் தெரிகிறார்களே, ஏன்?

பதினெட்டு வயது ஆகாதவர்கள். அவர்களுக்கு முழு முகக் காப்பு கட்டாயம்.

விசில் மன்னன்: விளக்கை அணைத்து ஆட்டத்தை நிறுத்தினார்களாமே? உண்மையா?

உண்மை. 1987 ஜனவரி 4, இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள பியெஷ்டானி. கனடாவும் சோவியத் யூனியனும் மோதின. அப்போது நாக் அவுட் கிடையாது, எல்லாரும் எல்லாரோடும் ஆடிப் புள்ளிக் கணக்கில் பதக்கம். சோவியத் ஏற்கெனவே பதக்கப் பட்டியலில் இல்லை. கனடாவுக்கு ஒரு பதக்கம் உறுதி, ஐந்து கோல் வித்தியாசத்தில் வென்றால் தங்கம். முதல் கோலை அடித்த கனடாவின் தியோரன் ஃப்ளூரி பனியில் சறுக்கியபடி ஸ்டிக்கை இயந்திரத் துப்பாக்கிபோல் பிடித்து சோவியத் பெஞ்சைச் சுடுவதாக நடித்தார். அங்கிருந்தே சூடு ஏறியது.

இருபது நிமிடப் பகுதிகள் மூன்றில் இரண்டாவதில் 6 நிமிடம் 7 நொடி பாக்கி, கனடா 4-2 என முன்னிலை. ஒரு கைகலப்பு தொடங்கியது, சோவியத் பெஞ்சிலிருந்து ஒருவன் குதித்தான், பிறகு இரண்டு பெஞ்சும் காலி. நார்வே நடுவர் ஹான்ஸ் ரோன்னிங்கும் கோட்டு நடுவர்களும் கையை விரித்துவிட்டு வெளியேற, அமைப்பாளர்கள் அரங்க விளக்குகளை அணைத்தார்கள். இருட்டிலும் அடித்துக்கொண்டார்கள். இரண்டு அணிகளும் தகுதி நீக்கம்.

ஹெல்சிங்கி மருமகள்: அண்ணா, என் கணவர் ஃபின்லாந்துக்காரர். அந்த ஆண்டுத் தங்கம் எங்களுக்குத்தான் என்று வீட்டில் பெருமை தாங்கவில்லை.

சரியாகத்தான் சொல்கிறார். ஃபின்லாந்தின் முதல் ஜூனியர் தங்கம் அது.

மார்க்கம்வாசி: அது ஓசித் தங்கம்! கனடா ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டம்!

கணக்கைப் பாருங்கள் தம்பி. தேவை ஐந்து கோல் வித்தியாசம், கையில் இருந்தது இரண்டு. விளக்கு அணைந்த நொடியில் தங்கம் ஃபின்லாந்திடம்தான் இருந்தது.

மார்க்கம்வாசி: இன்னும் 26 நிமிடம் இருந்ததே? அந்த சோவியத் அணியின் மேல் மூன்று கோல் அடிக்க முடியாதா?

முடிந்திருக்கலாம், அதற்கு ஆடியிருக்க வேண்டும். சோவியத்துக்கு இழக்க ஒன்றுமில்லை, கனடாவுக்கு உறுதியான பதக்கம் இருந்தது. இழக்க இருப்பவன்தான் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்த கனடா வீரர் பியர் டர்ஜனைத்தான் அப்புறம் கோழை என்று தூற்றினார்கள்.

ஹெல்சிங்கி மருமகள்: கணவர் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

நான் யார் பக்கமும் இல்லை அம்மா.

பழைய ரசிகன்: முதலில் குதித்தது சோவியத் ஆள். கனடாவுக்கு ஏன் தண்டனை? டொராண்டோவில் தங்கப் பதக்கம் செய்து கொடுத்தார்களே!

ஆமாம், முதலில் குதித்தது யெவ்கேனி டாவிடோவ். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற தொழில்முறை அணியின் உரிமையாளர் ஹரால்ட் பல்லார்ட் தன் செலவில் பதக்கம் செய்ததும் உண்மை. அந்தப் பையன்களுக்கு நடந்ததில் எனக்கு உறுத்துவது பதக்கம் அல்ல. பதினெட்டுப் பத்தொன்பது வயதுக்காரர்களை அடக்க வேண்டிய பயிற்சியாளர்கள் இரண்டு பக்கமும் என்ன செய்தார்கள்? கூட்டமைப்பும் அப்படித்தான் பார்த்தது: வீரர்களுக்குப் பதினெட்டு மாதத் தடை, அதுவும் பிறகு குறைக்கப்பட்டது. பயிற்சியாளர்களுக்கு மூன்று ஆண்டு.

அடித்துக்கொண்டவர்களுக்கே அந்தப் பகை நிற்கவில்லை. கனடாவின் பிரெண்டன் ஷானஹானும் சோவியத்தின் ஃபெடோரவ், கான்ஸ்டான்டினோவும் 1997இல் டெட்ராய்ட் அணியில் சேர்ந்து வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்கள். நீங்கள் மட்டும் இன்னும் விடவில்லை. 1987 இத்தோடு முடிந்தது.

இரவுப் பறவை: 2019இல் காம்டோயிஸ் மட்டும் அந்த ஷாட்டை அடித்திருந்தால்...

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை, அதனாலேயே பதில் சொல்கிறேன். வான்கூவரில் காலிறுதி, கனடா ஃபின்லாந்துடன் 1-1. கூடுதல் நேரத்தில் கேப்டன் மாக்ஸிம் காம்டோயிஸ் பெனால்டி ஷாட்டைத் தவறவிட்டார். சற்று நேரத்தில் நோவா டாப்சனுக்குக் கோல் திறந்து கிடந்தது, அடிக்கும்போது ஸ்டிக் உடைந்தது. அதே வேகத்தில் ஃபின்லாந்து கோல். அன்றிரவே காம்டோயிஸின் இன்ஸ்டாகிராமில் வசை மழை. தோள்பட்டைக் காயத்தோடு ஆடியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்டிக் உடைந்ததற்கு யாரைத் திட்டுவது? ஒரே ஆட்டத்தில் முடிவு என்றால் அதில் பாதி அதிர்ஷ்டம்தான். பையன் வீட்டுக்குப் போய் வாழ வேண்டும்.

பெயர் வேண்டாம்: 2018 அணி விவகாரம் பற்றி?

சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 கனடா ஜூனியர் அணி வீரர்கள் மீதான பாலியல் வன்முறைப் புகாரில் தொடரப்பட்ட சிவில் வழக்கை, நாட்டின் ஹாக்கி அமைப்பான ஹாக்கி கனடா 2022இல் பணம் கொடுத்து முடித்தது வெளியே வந்தது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது, விளம்பரதாரர்கள் விலகினார்கள், அந்த அக்டோபரில் தலைமை நிர்வாகியும் இயக்குநர் குழுவும் வெளியேறினார்கள். குற்றவியல் வழக்கில் ஐந்து வீரர்களையும் 2025 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது. வீரர்களைப் பதினாறு வயதிலேயே தெய்வமாக்குகிற ஊர்களைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. அதை இந்த வழக்கின் மேல் ஏற்றிச் சொல்ல விரும்பவில்லை.

கோடம்பாக்கம் ரவுடி: எந்த வயதுப் பையன்கள் ஆடுகிறார்கள்?

மேலே படியுங்கள்.

மதுரை மாணவன்: ரஷ்யா ஏன் வருவதில்லை? இந்தியா?

ரஷ்யாவையும் பெலாரூஸையும் 2022இல் கூட்டமைப்பு தடை செய்தது, உக்ரைன் போரால். இந்தியா கூட்டமைப்பின் உறுப்பினர். லடாக்தான் நம் ஹாக்கியின் இதயம், 2025 ஆசியக் கோப்பையில் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. ஜூனியர் மேல்பிரிவு ரொம்ப தூரம்.

சறுக்கு வண்டி: இறுதி ஆட்டத்தையே மூவர் மூவராக ஆடி முடிப்பது நியாயமா?

எனக்குப் பிடிக்காது. 2022, 2023, 2025 மூன்று இறுதிகளும் சமநிலையாகி, கூடுதல் நேரத்தில் அப்படித்தான் முடிந்தன. அறுபது நிமிடம் ஐவர் ஐவராக ஆடிவிட்டுக் கடைசியில் வேறு விளையாட்டு. ஆனால் 2022இல் அதே மூவர் ஆட்டத்தில் மேசன் மக்டாவிஷ் கோல் கோட்டின் மேல் விழவிருந்த பக்கை (ஹாக்கி வட்டை) அந்தரத்தில் தட்டிவிட்டதை நூறு முறையாவது பார்த்திருப்பேன். அடுத்து கென்ட் ஜான்சன் கோல், ஃபின்லாந்துக்கு எதிராக 3-2.

ஹெல்சிங்கி மருமகள்: அதை வீட்டில் பேசக்கூடாது என்று உத்தரவு.

கனடாவில் 2024, 2025 காலிறுதிகளைப் பேசக்கூடாது, இரண்டிலும் செக் அணியிடம் கடைசி நிமிடத்தில் தோற்றோம். கணவரிடம் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.

மார்க்கம்வாசி: 1987 பற்றி ஒரே ஒரு கேள்வி...

இல்லை.