பினாங்கில் தீபாவளிப் பரிசு: ஜாதிக்காயும் முறுக்கும்

சகோதரி, அலுவலகத்தில் பன்னிரண்டு பேருக்கு, ஆளுக்கு 30 வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்), பேரங்காடிக் கூடையாக இல்லாமல் பினாங்குப் பொருளாகவே தீபாவளிப் பரிசு வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல எண்ணம்.

தயங்காமல் ஜாதிக்காயைத் தேர்ந்தெடுங்கள். பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் விளைவது. கொட்டையைச் சுற்றியுள்ள சதையைச் சீவி, சர்க்கரையில் ஊறவைத்துக் காயவைத்த துண்டுகள் கிடைக்கும், தைலமும் உண்டு. தீவுக்கே உரிய மணம் அது.

கூடவே ஒரு பொட்டலம் முறுக்கு. வீட்டில் சுட்டு விற்கும் அம்மா யாரிடமாவது இன்றே சொல்லிவையுங்கள். பண்டிகை நெருங்கினால் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. முதலில் ஒன்றை உடைத்துப் பாருங்கள். மொறுக்கென்று முறிய வேண்டும், பழைய எண்ணெய் வாடை துளியும் வரக்கூடாது.

மலாய் நண்பர்களுக்கு வீட்டுப் பலகாரம் கொடுக்கலாமா என்ற உங்கள் தயக்கம் நியாயமானது. அதில் பெரும்பாலும் மலேசிய இஸ்லாமிய வளர்ச்சித் துறையான ஜாக்கிமின் ஹலால் முத்திரை இருக்காது. சிலர் பொருட்படுத்த மாட்டார்கள், சிலர் சங்கடப்படுவார்கள். அவர்களுக்கு முத்திரையுள்ள ஜாதிக்காய்த் துண்டுகளை மட்டும் சற்றுக் கூடுதலாகக் கொடுங்கள்.

முறுக்குக்குத் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தால், மாவும் எண்ணெயும் வாங்க அந்த அம்மாவுக்குக் கைகொடுக்கும்.