வீட்டில் யாருக்கும் நான் படிப்பது புரியவில்லை

அன்புள்ள அம்மா,

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அதிகாரம், ஏற்றத்தாழ்வு, சமூக நீதி என்று படிக்கப் படிக்க, வீட்டில் யாரோடும் ஒட்டவில்லை. மாமா வரும்போதெல்லாம், "இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்கிறார். வெளிநாட்டு ஊழியர்களை லாரியின் பின்னால் ஏற்றிப் போவது தவறு என்றேன். "அவர்களே சும்மா இருக்கிறார்கள், உனக்கென்ன?" என்று வாயை அடைத்துவிட்டார். என் அம்மாவும் அவர் பக்கம். தம்பி, "லெக்சர் ஆரம்பிச்சாச்சு" என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்கிறான். அப்பாகூட, கொண்டோ குடியிருப்பில் பாதுகாவலர் வேலை முடிந்து காலையில் வந்ததும் முன்பெல்லாம் நடந்ததைச் சொல்வார், இப்போது சொல்வதில்லை. அவர் வேலையை வைத்து நான் எழுதிய கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது, அதுவும் அவருக்குத் தெரியாது. அது போகட்டும். மாமா பேசும்போது என் அம்மா ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்வதில்லை? மாமாவுக்கு எப்படித்தான் புரியவைப்பது?

வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்பு மகளே,

மாமாவைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு, அப்பாவை ஒரே வரியில் தாண்டிவிட்டாய். எனக்குத் தாண்ட மனம் வரவில்லை.

கொண்டோ வாசலில் தடுப்புக் கட்டை உயரத் தாமதமானதற்குக் காருக்குள்ளிருந்து ஒருவர் கத்தியிருப்பார். அப்பா "சாரி சார்" என்றிருப்பார். பாதுகாவலர்களுக்கு 2016 முதல் படிப்படியாக உயரும் சம்பள முறை இருக்கிறது, நல்லது. ஆனால் அந்தக் கத்தலை அவர் உன்னிடம்தான் இறக்கிவைத்தார். "எதிர்த்துக் கேட்டிருக்க வேண்டும் அப்பா" என்று நீ சொன்னாயா? சொல்லியிருந்தால், அங்கே குனிந்தவரை வீட்டிலும் குனிய வைத்திருக்கிறாய்.

அப்புறம் அந்தக் கட்டுரை. முன்பின் தெரியாதவரைப் பேட்டி எடுத்திருந்தால் ஒப்புதல் கேட்டிருப்பாய். அப்பாவிடம் கேட்கவில்லை. அதிகாரத்தைப் படிக்கிறவள் நீ. இந்த இடத்தில் அது யார் கையில் இருந்தது என்று யோசி. கடுமையாகச் சொல்கிறேன், ஆனால் உன் நல்ல மனதை நம்பித்தான் சொல்கிறேன்.

உன் வலி பொய்யில்லை. வகுப்பில் நீ படிக்கும் சமூகவியலாளர் பியர் போர்தியூவும் பிரெஞ்சு கிராமத்து அஞ்சல் ஊழியரின் மகன்தான். படிப்பால் மேலே வந்தவர் இரண்டு உலகங்களுக்கு நடுவே பிளவுபடுவதைத் தன்னையே வைத்து எழுதினார். அந்தப் பிளவை நீ அப்பாவிடம்தான் உணர்கிறாய். சண்டையை மட்டும் மாமாவிடம் போடுகிறாய்.

மாமா காத்திருக்கட்டும். அப்பாவின் ஓய்வு நாளில் கட்டுரையைப் பற்றி நீயே சொல்லி, வாசித்துக் காட்டு. "இது அப்படியில்லைம்மா" என்று அவர் எங்கேயாவது நிறுத்தினால், மறுத்துப் பேசாமல் முழுக்கக் கேள்.