வெட்லாக்கில் பூட்டு இருக்கிறதா?

அன்புள்ள ஐயா,

போன வாரம் தங்கை மகன் கல்யாணத்தில் வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். "நாம் கால்கட்டு என்கிறோம், வெள்ளைக்காரன் வெட்லாக் என்கிறான். அவனும் பூட்டித்தான் வைத்திருக்கிறான். சாவியைத் தொலைத்துவிடுங்கள்" என்றேன். நல்ல கைதட்டல். பந்தியில் பக்கத்து இலைக் கல்லூரிப் பையன், "அப்போ வார்லாக் என்றால் போர்ப்பூட்டா சார்?" என்றான். பாயசத்தில் கவனமாக இருப்பதுபோல் இருந்துவிட்டேன். என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

பையன் சரியான இடத்தில் பிடித்திருக்கிறான். மந்திரவாதியைக் குறிக்கும் வார்லாக்கில் போரும் இல்லை, பூட்டும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது 'வேர்லொகா'. முன்பாதிக்கு உடன்படிக்கை என்று பொருள், பின்பாதிக்குப் பொய்யன். வாக்குத் தவறியவன், துரோகி, சாத்தான் எல்லாரும் வேர்லொகாதான். மந்திரவாதி அப்புறம் வந்தவன். கடைசியில் 'க்' ஒட்டியது ஸ்காட்லாந்துக்காரர்கள் வாயில்.

உங்கள் வெட்லாக்கிலும் பூட்டு கிடையாது. 'வெட்' என்றால் வாக்குறுதி, பிணை. 'லாக்' செயலைக் குறிக்கும் விகுதி. நெடில் ஆ போட்டுத்தான் அன்று சொன்னார்கள். ஆக, தமிழில் நாம் எழுதும் 'வெட்லாக்' ஆயிரம் வருடத்துக்கு முந்தைய உச்சரிப்புக்கு இன்றைய லண்டன்காரரைவிட நெருக்கம். சண்டைக்கும் கொள்ளைக்கும்கூட இதே விகுதியில் சொற்கள் இருந்தன. எல்லாம் வழக்கொழிந்து வெட்லாக் மட்டும் மிஞ்சியது. விகுதி மறந்துபோனதும் ஜனங்கள் அதைத் தெரிந்த பூட்டாக்கிக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது இதுதான்: வாக்குக் கொடுப்பது வெட்லாக், கொடுத்த வாக்கை மீறுகிறவன் வார்லாக்.

எல், ஓ, சி, கே என்று முடியும் இன்னொரு கூட்டம் தலைமுடியைச் சேர்ந்தது. முடிக்கற்றைக்கும் லாக் என்று பெயர். ராத்திரியில் குட்டிச்சாத்தான்கள் வந்து சிக்காக்கிய முடி எல்ஃப்லாக். ஷெர்லாக் என்ற பெயருக்கே வெளிர்முடிக்காரன் என்று பொருள். தோளில் விழும்படி ஆண்கள் வளர்த்த ஒற்றைச் சுருள் லவ்லாக். இதைக் கண்டித்து வில்லியம் பிரின் என்ற பியூரிட்டன் (சமய ஒழுக்கத்தில் கறாரான கிறிஸ்தவப் பிரிவு) வழக்கறிஞர் 1628-இல் ஒரு தனி நூலே எழுதினார். முடியை வெட்டச் சொன்ன அவருக்கு 1634-இல் காதை வெட்டினார்கள். அது வேறொரு புத்தகத்துக்கான தண்டனை.

சாக்ரடீஸ் குடித்த நஞ்சான ஹெம்லாக் வெறும் செடியின் பழம்பெயர்; கடைசி அசை பிற்பாடு லாக்காகத் திரிந்தது.

அடுத்த கல்யாணத்திலும் உங்களைப் பேசக் கூப்பிடுவார்கள். பூட்டையே சொல்லுங்கள், கைதட்டல் நிச்சயம். புல்லக் பக்கம் மட்டும் போகவேண்டாம். அதன் கடைசி நாலு எழுத்தும் இவைதான், ஆனால் அங்கே ஓ, சி, கே மட்டும்தான் சிறுமையைக் காட்டும் விகுதி, சிறு குன்றான ஹில்லக்கில் வருவதுபோல. புல்லக் முதலில் இளங்காளையாக இருந்தது. இன்று காயடித்த மாடு. மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொள்வார்கள்.